கைமாறும் வாகனமும் கைமாறாத அழைப்பும்

(தில்லையடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)

 

வணிகச் சட்டத்தில் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்று அறக்கட்டளையினர் அழைத்தார்கள். பழைய வாகன விற்பனையைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னேன். அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு இது சிறிய பொருள் என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். இந்த ஊரில் அப்படித் தோன்ற நியாயமில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வெறுங்கையோடு வந்த முஸ்லிம்கள், புத்தளத்துக்கும் பாலாவிக்கும் இடைப்பட்ட இந்த மண்ணில் குடிசை போட்டு, பிறகு கல்வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். மத்திய கிழக்கில் உழைத்த காசு இங்கே இரண்டு வழிகளில்தான் அதிகம் போனது: ஒன்று வீடு, மற்றது வாகனம். மன்னாருக்கு ஹயர் ஓடுகிற வேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன், கல்பிட்டியிலிருந்து மீன் ஏற்றுகிற லொறி, வெளிநாட்டிலிருந்து வந்த மகன் வாப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த கார். ஏறக்குறைய எல்லாமே இரண்டாம் கை, மூன்றாம் கை. புது வாகனம் வாங்கும் ஊர் அல்ல இது. பழையதை வாங்கிப் பழையதாகவே விற்கும் ஊர்.

அதனால் நான் சொல்ல வந்த ஒரே கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புக் குறைக்காக உற்பத்தியாளர் திருப்பி அழைத்திருக்கும் ஒரு வாகனம், அந்தத் திருத்தம் செய்யப்படாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகக் கூடாது. நம்மைப் போன்ற நாட்டில் இந்தக் குறையைப் பிடிப்பதற்கு விற்பனை நடக்கும் அந்தத் தருணத்தை விட்டால் வேறு தருணம் கிடையாது. மற்றதெல்லாம் இதற்கான விளக்கமே.

1. மீளழைப்பு யாருக்கு உரியது

வாகனம் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து பல வருடம் ஓடிய பிறகு, அதன் வடிவமைப்பிலோ உற்பத்தியிலோ உயிருக்கு ஆபத்தான ஒரு குறை இருப்பது தெரிய வரலாம். அப்போது அந்த வரிசையில் வந்த வாகனங்களைத் திருப்பி அழைத்து இலவசமாகத் திருத்திக் கொடுக்க வேண்டியது உற்பத்தியாளரின் பொறுப்பு. கராஜ்களில் இதை ரீகோல் என்கிறோம். தேய்மானம் வேறு, இது வேறு. பிரேக் பேட் தேய்வது உரிமையாளரின் செலவு. தொழிற்சாலையில் பிறந்த குறை உற்பத்தியாளரின் கடன். அந்தக் கடன் ஆளோடு ஒட்டியதல்ல, சேசி இலக்கத்தோடு ஒட்டியது. நீங்கள் முதல் உரிமையாளரா, ஐந்தாவது உரிமையாளரா என்பது பொருட்டே இல்லை. நம்மவர் பலர் இதை அறியாமல், இலவசமாகக் கிடைக்க வேண்டியதற்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

2014 பெப்ரவரியில் டொயோட்டா நிறுவனம் மூன்றாம் தலைமுறை பிரியஸ் கார்களை உலகம் முழுவதும் 19 இலட்சம் அளவில் மீளழைத்தது. இன்வேட்டருக்குள் இருக்கும் மின்னணுப் பாகம் அளவுக்கு மீறிச் சூடாகிச் சேதமடையலாம், ஓடிக்கொண்டிருக்கும் கார் நின்றுவிடலாம் என்பது காரணம். திருத்தமோ மென்பொருளை மாற்றி எழுதுவது மட்டும். இலங்கையில் அதே பிரியஸ் வழியில் நின்றால் நாம் என்ன செய்கிறோம்? கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய இன்வேட்டர் தேடுகிறோம். அதே 2014இல் ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டும் வெசலும் கியர்ப்பெட்டி, இயந்திரக் கட்டுப்பாட்டுக் குறைகளுக்காக ஜப்பானில் மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்டன. ஃபிட் ஹைபிரிட் ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்துக்குள் ஐந்து முறை. நமது வீதிகளில் மிகுதியாக ஓடும் வாகனங்கள் இவை.

2. டகாட்டா: வெப்பமும் ஈரமும் செய்த வேலை

பணத்தோடு முடிந்துபோகும் குறைகளை இவ்வளவில் விட்டுவிட்டு, உயிரை எடுத்த ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலும், பக்கத்து இருக்கைக்கு முன்னால் டேஷ்போர்டுக்குள்ளும் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு அடியில் கைக்குள் அடங்கும் ஓர் உலோகக் குப்பி. குப்பிக்குள் வில்லை வில்லையாக ஓர் இரசாயனம். வாகனம் மோதியதும் மின்பொறி அதைப் பற்ற வைக்க, வாயு பெருகிக் கண் இமைப்பதற்குள் பை விரிகிறது. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் 2000ஆம் ஆண்டளவில் இந்த வில்லைகளுக்கு அமோனியம் நைத்திரேற்றைத் தேர்ந்தெடுத்தது. மலிவானது. ஆனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள ஓர் உலர்த்தியைக் குப்பிக்குள் வைத்திருந்தால் ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கும். கோடிக்கணக்கான குப்பிகளில் அது வைக்கப்படவில்லை.

உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாரி காலத்தில் மூடி தளர்ந்த உப்புப் போத்தலுக்கு என்ன ஆகிறதோ, அதுதான் அந்த வில்லைகளுக்கும் மெதுமெதுவாக ஆனது. பகலில் வெயிலில் கொதிக்கும் கார் இரவில் குளிர்கிறது. மறுநாள் மீண்டும் கொதிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஈரம் உள்ளே நகர்கிறது. வில்லையில் நுண்ணிய துளைகள் விழுகின்றன. துளை விழுந்த வில்லை எரியும்போது தேவைக்கு மேல் வேகமாக எரிகிறது, குப்பியின் உள்ளே அழுத்தம் எல்லை மீறுகிறது, உலோகம் தாங்காமல் வெடிக்கிறது. காப்பாற்ற விரிய வேண்டிய பையைக் கிழித்துக்கொண்டு இரும்புத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. வாகன உற்பத்தியாளர்கள் சேர்ந்து அமர்த்திய ஆய்வாளர்கள் 2016இல் கூறிய முடிவும் இந்த மூன்றையும் சேர்த்ததுதான்: உலர்த்தி இல்லாத அமோனியம் நைத்திரேற்று, ஈரத்தோடு கூடிய வெப்ப மாற்றத்துக்கு நெடுங்காலம் ஆட்படுதல், ஈரம் புகுவதைத் தடுக்காத குப்பி அமைப்பு.

இதில் விபத்தின் அளவு ஒரு பொருட்டாக இருக்கவில்லை என்பதுதான் நெஞ்சை உறுத்துவது. காயம் இல்லாமல் இறங்கிப் போயிருக்கக்கூடிய சிறு மோதல்களில் ஆட்கள் இறந்தார்கள். 2014இல் அமெரிக்காவின் ஃப்ளொரிடாவில் ஒரு பெண்ணின் கழுத்துக் காயத்தைப் பார்த்த பொலிஸார் முதலில் கொலை என்று சந்தேகித்தே விசாரித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் மலேசியாவில் ஹொண்டா சிற்றி காரை ஓட்டிச் சென்ற ஒரு கர்ப்பிணித் தாய் இறந்தார், வயிற்றுப் பிள்ளையும் இறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இந்தக் குறையால் நேர்ந்த முதல் மரணம் அது. 2017 ஜூலையில் சிட்னியில் ஒருவர். அமெரிக்காவில் மட்டும் இறந்தோர் தொகை இருபத்தைந்தைத் தாண்டியிருக்கிறது.

ஹொண்டா 2008 நவம்பரில் ஏறக்குறைய 4,000 கார்களை அழைத்ததோடு தொடங்கியது இது. வளர்ந்து வளர்ந்து அமெரிக்காவில் 6 கோடியே 70 இலட்சம் குப்பிகள், உலகளவில் ஏறக்குறைய 10 கோடி என்று ஆனது. வாகன வரலாற்றில் இதைவிடப் பெரிய மீளழைப்பு நடந்ததில்லை. டகாட்டா 2017 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்ற வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்ள இணங்கியது. ஜூனில் வங்குரோத்து அறிவித்தது.

இங்கே ஒரு விடயத்தை நிறுத்திக் கவனியுங்கள். அமெரிக்க அதிகாரிகள் திருத்தத்துக்கு முன்னுரிமைப் பட்டியல் போட்டபோது, வெப்பமும் ஈரமும் மிகுந்த மாநிலங்களை முதலில் வைத்தார்கள்: ஃப்ளொரிடா, ஹவாய், வளைகுடாக் கரையோர மாநிலங்கள். பழைய வாகனங்களை முதலில் வைத்தார்கள். 2016இல் நடந்த பரிசோதனைகளில், அத்தகைய பிரதேசங்களில் ஓடிய 2001 முதல் 2003 வரையிலான சில ஹொண்டா கார்களின் குப்பிகள் பாதிக்குப் பாதி வெடிக்கும் அளவுக்குக் கெட்டிருந்தன. அவற்றைத் திருத்தும் வரை ஓட்டவே வேண்டாம் என்று அறிவித்தார்கள். இனி நமது கரையோரத்தை நினைத்துப் பாருங்கள். வருடம் முழுவதும் வெப்பம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. வீதியோர வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் வாகனங்கள். அமெரிக்கா போட்ட பட்டியலில் தில்லையடியைச் சேர்க்க வேண்டியிருந்தால் அது முதல் வரிசையில்தான் வந்திருக்கும்.

இந்தக் குறையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சாவியைத் திருப்பியதும் மீற்றர் பெட்டியில் எயார் பேக் சிவப்பு விளக்கு சில வினாடி எரிந்து அணைந்தால் எல்லாம் சரி என்று நாம் நம்புகிறோம். அந்த விளக்கு காட்டுவது மின்சுற்று முழுமையாக இருக்கிறதா என்பதை மட்டும். குப்பிக்குள் வில்லை துளைத்துப் போயிருப்பது அதற்குத் தெரியாது. ஈரம் ஏறிய டகாட்டா குப்பியோடு ஒரு கார் எந்த விளக்கும் எரியாமல், எந்தச் சத்தமும் இல்லாமல், பத்து வருடம் அருமையாக ஓடும். ஊரில் எவ்வளவு கைதேர்ந்த மெக்கானிக் இருந்தாலும் அவர் காதுக்கும் கைக்கும் இது அகப்படாது. அகப்படும் ஒரே இடம் சேசி இலக்கம்.

3. கடிதம் ஏன் நம்மிடம் வருவதில்லை

ஜப்பானில் ஒரு வாகனம் மீளழைக்கப்பட்டால், பதிவேட்டில் இருக்கும் உரிமையாளரின் முகவரிக்குக் கடிதம் போகிறது. அந்த வாகனம் ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கம் செய்யப்பட்டதும் அந்தப் பதிவேட்டிலிருந்து போய்விடுகிறது. அம்பாந்தோட்டையிலோ கொழும்பிலோ கப்பலிலிருந்து இறங்கி, இங்கே புது இலக்கத்தகடு பெற்று, புத்தளத்துக்கு வந்து சேர்ந்த கார் யாரிடம் இருக்கிறது என்று ஜப்பானில் எவருக்கும் தெரியாது. உள்ளூர் முகவரிடம் இருப்பது அவர் தாமே இறக்கிய வாகனங்களின் பட்டியல். ரீகண்டிஷன் வாகனங்களை இறக்கியவர்கள் நூற்றுக்கணக்கான சிறு வியாபாரிகள். கடிதத்துக்கு முகவரி இல்லை.

துறைமுகத்திலேயே தடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். கப்பலேற்றும் முன் ஜப்பானில் பரிசோதனைச் சான்றிதழ் எடுக்கும் முறை நம்மிடம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் காலக் கணக்கைப் பாருங்கள். 2007இல் பிறந்த ஒரு கொரொல்லா எக்சியோ, இரண்டு மூன்று வயதில் இங்கே வருகிறது. அந்த வரிசைக் கார்களின் பக்கத்து இருக்கைக் காற்றுப்பைக்கான மீளழைப்பு வந்தது அதற்கும் பல வருடங்களுக்குப் பின். கப்பலேறிய நாளில் அந்தக் கார் சுத்தமானது. குறை அதனுள் இருந்தது, ஆனால் உலகத்துக்குத் தெரியவில்லை. ஆகவே துறைமுகத்தில் ஒருமுறை பார்த்தால் போதாது. வாகனம் உயிரோடு இருக்கும் வரை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்ததும் இந்தச் சிக்கலைப் பெரிதாக்கின. ஐந்து வருடமாக நாட்டுக்குள் இருந்த வாகனங்களே மறுபடி மறுபடி கைமாறின. உடைத்துப் பாகமாக விற்றிருக்க வேண்டிய கார்கள் பெயின்ட் பூசப்பட்டு ஓடின. வயது ஏற ஏற ஆபத்துக் கூடும் குறை இது என்று சொன்னேன். நமது வாகனங்களின் வயதைத்தான் அந்த ஐந்து வருடங்களும் ஏற்றின. வயது ஏறிய கார் விலை இறங்கி யாருடைய கைக்குப் போகிறது? வசதி குறைந்தவரின் கைக்கு. ஒரு கார் எத்தனை ஏழைக் கைகளுக்கு இறங்குகிறதோ, அத்தனைக்கு அதன் குப்பியும் பழசாகிறது.

4. வாங்குபவர் எதைப் பார்க்கிறார்

பழைய கார் வாங்க நம்மவர் ஒருவர் போகும்போது கூடவே ஒரு மெக்கானிக் பாஸ் வருவார். பொனட்டைத் திறப்பார். எஞ்சினை ஓட விட்டு ஒயில் மூடியைக் கழற்றிப் புகை வருகிறதா என்று பார்ப்பார். கதவு ஓரங்களில் விரலால் தட்டி டிங்கரிங் நடந்திருக்கிறதா என்று கேட்பார். கார்பெட்டைத் தூக்கி வெள்ளத்தில் நின்றதா என்று முகர்வார். ஏல அறிக்கையைக் கேட்டு மைலேஜை ஒப்பிடுவார். ஹைபிரிட் என்றால் பற்றரியைக் கணினியில் பூட்டிப் பார்ப்பார். இவ்வளவு கவனம் வேறு எந்தப் பொருளை வாங்கும்போதும் நாம் காட்டுவதில்லை. ஆனால் சேசி இலக்கத்தைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். களவு வாகனமா என்று பார்க்கப் பயன்படுத்தும் அந்த இலக்கத்தை, உயிர் எடுக்கும் வாகனமா என்று பார்க்கப் பயன்படுத்துவதில்லை.

இலக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த கார்களுக்கு, அமெரிக்கக் கார்களுக்கு இருப்பதுபோல் 17 எழுத்து இலக்கம் கிடையாது. என்.இசட்.ஈ. 141 போல மாதிரிக் குறியீடும், ஒரு சிறு கோடும், அதன் பின் ஆறோ ஏழோ இலக்கங்களும் இருக்கும். எனவே அமெரிக்க அரசின் தேடுபக்கத்தில் அதைப் போட்டுப் பார்த்து, ஒன்றும் வரவில்லை, ஆகவே குறை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஒவ்வொரு ஜப்பானிய உற்பத்தியாளரும் தம் ஜப்பானிய மொழிப் பக்கத்தில் இந்த இலக்கத்தைப் போட்டுத் தேடும் வசதி வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு வசதியுள்ள எந்தக் கைபேசியிலும் வாசித்துவிடலாம். எந்தெந்த அழைப்பு நிலுவையில் இருக்கிறது, எது செய்து முடிக்கப்பட்டது என்று அது சொல்லும்.

5. விற்பவரின் கடமை

இந்த இடத்தில் சபையிலுள்ள உலமாக்கள் என்னைவிட நன்றாக அறிந்த ஒரு நிகழ்வை நினைவுபடுத்துகிறேன். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரல்கள் நனைந்தன. வியாபாரியிடம் விசாரித்தபோது மழை நனைத்துவிட்டது என்றார். அந்தப் பதில் பொய்யல்ல. ஈரம் அவர் செய்ததல்ல. இருந்தும் அது ஏற்கப்படவில்லை. நனைந்ததை வாங்குபவர் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்றே கேட்கப்பட்டது. குறையை உண்டாக்கியவர் யார் என்ற கேள்வி வேறு, அதை வெளியே காட்ட வேண்டியவர் யார் என்ற கேள்வி வேறு என்பதை அந்த நிகழ்வு பிரித்துக் காட்டுகிறது. குறையோடு விற்கப்பட்டதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை, கியாருல் ஐப், ஃபிக்ஹு நூல்களில் விரிவாகப் பேசப்படுகிறது.

பழைய கார் விற்கும் சகோதரர் சொல்வதும் அதே பதில்தான். நான் செய்த குறையா இது, ஜப்பான்காரன் செய்ததல்லவா? உண்மை. எனக்குத் தெரியாதே என்பார் அடுத்து. முன்பு அது நியாயமான பதிலாக இருந்தது. இலக்கத்தைப் போட்டால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும் காலத்தில், தெரியாது என்பதற்கு விசாரிக்கவில்லை என்றே பொருள்.

நமது எழுதிய சட்டம் இதற்கு எவ்வளவு தூரம் வரும்? 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன் அடிப்படை, வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்பது. பொருளை வழமையாக விற்கும் வியாபாரியிடம் வாங்கினால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. சோதித்துப் பார்த்தும் தெரிய வந்திருக்க முடியாத குறைக்கு அவர் பொறுப்பாகலாம். ஆனால் தில்லையடியில் கார்கள் பெரும்பாலும் கைமாறுவது அயலவரிடமிருந்து அயலவருக்கு. அவர் வியாபாரி அல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் வியாபாரிகளை நோக்கியே அமைக்கப்பட்டது. வாகன மீளழைப்புக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. இந்தியா 2019இல் தன் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி உற்பத்தியாளருக்குக் கட்டளையிடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. அங்கும் பழைய வாகனம் கைமாறும் கட்டம் அதில் பேசப்படவில்லை.

6. பிறர் எங்கே கதவை வைத்தார்கள்

ஜப்பான் 2018 மே முதல் ஒரு முடிவெடுத்தது. வெடிக்கும் ஆபத்துள்ள டகாட்டா காற்றுப்பையைத் திருத்தாத வாகனத்துக்குக் காலாந்தரப் பரிசோதனைச் சான்று இல்லை. சான்று இல்லாமல் வீதியில் இறங்க முடியாது. கடிதங்களைக் கண்டுகொள்ளாதவர்களும் கராஜுக்கு வந்தார்கள். ஜப்பான் தன் வீதிக்கு இந்தக் கதவை வைத்தது. கப்பலேறும் வாகனத்துக்கு அந்தச் சான்று வேண்டியதில்லை.

அவுஸ்திரேலியா 2018 தொடக்கத்தில் மீளழைப்பைக் கட்டாயமாக்கி, 2020 இறுதிக்குள் முடிக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்குத் தவணை வைத்தது. ஏறக்குறைய 30 இலட்சம் வாகனங்கள். சில மாநிலங்கள் திருத்தாத வாகனங்களின் பதிவையே நிறுத்தின.

நமக்கு மிக நெருக்கமான பாடம் நியூசிலாந்து. அங்கே ஓடுவதிலும் பெரும் பங்கு ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள். 2018இல் அந்த நாட்டு அமைச்சர் கிரிஸ் ஃபாஃபோய், மிகவும் ஆபத்தான வகைக் குப்பிகள் பொருத்திய ஏறக்குறைய 50,000 வாகனங்களுக்குக் கட்டாய மீளழைப்பை அறிவித்தார். கப்பலில் வந்த பழைய வாகனம் எங்கள் பொறுப்பல்ல என்று உற்பத்தியாளர் ஒதுங்கிவிட முடியாதபடி செய்ததுதான் அதன் வலிமை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 2004இல் வாடகைக் காரில் போன இரு சகோதரிகள் இறந்தார்கள். அந்தக் காருக்கு ஏற்கெனவே மீளழைப்பு இருந்தது, திருத்தாமலே வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவர்களுடைய தாய் பத்து வருடத்துக்கு மேல் போராடினார். அதன் பயனாக, 35க்கு மேல் வாகனம் வைத்திருக்கும் வாடகை நிறுவனங்கள் திருத்தாத வாகனத்தை வாடகைக்கு விடக் கூடாது என்ற சட்டம் 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பழைய கார் வியாபாரிகளுக்கு அப்படி ஒரு தேசியச் சட்டம் அங்கே இன்றும் இல்லை. ஒரு நாள் வாடகைக்கு எடுப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, சேமிப்பைக் கொட்டி வாங்குபவருக்குக் கிடைப்பதில்லை. பெரிய நாடு செய்யவில்லை என்பதற்காக நாமும் செய்யாமல் இருக்க வேண்டியதில்லை.

7. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கதவுகள்

புதிய திணைக்களம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் உரிமை மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்படுகிறது. அந்த விண்ணப்பத்தோடு மீளழைப்பு நிலையைக் காட்டும் ஒரு தாளும் இணைக்கப்பட வேண்டும் என்று ஒழுங்குவிதி வந்தால் போதும். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஒவ்வொரு வருடமும் புகைப் பரிசோதனைச் சான்று கொண்டுபோகிறோம். புகைக்குக் கேட்பவர்கள் குப்பிக்கும் கேட்கலாம்.

ஆனால் உரிமை மாற்றத்தை மட்டும் நம்பினால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அது உங்களுக்கே தெரியும்: ஓப்பன் பேப்பர். கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு வாகனம் மூன்று நான்கு பேரிடம் கைமாறும், பதிவேட்டில் பெயர் மாறாது. அங்கே திணைக்களத்தின் கதவு திறக்கப்படவே இல்லை.

அதனால் நான் அதிகம் நம்புவது லீசிங்கை. பழைய வாகனம் வாங்குபவரில் பெரும்பாலானோர் நிதிக் கம்பனியிடம் போகிறார்கள். கடன் முடியும் வரை பதிவுச் சான்றிதழில் பூரண உரிமையாளர் அந்தக் கம்பனிதான். அதாவது வெடிக்கக்கூடிய குப்பியோடு ஓடும் காரின் சட்டபூர்வ உரிமையாளர் ஒரு நிதி நிறுவனம். கடன் கொடுக்குமுன் அது மதிப்பீட்டு அறிக்கை கேட்கிறது. மதிப்பீட்டாளர் வந்து சேசி இலக்கத்தைப் படம் எடுக்கிறார், டயர் வரை எழுதுகிறார். அந்த அறிக்கையில் இன்னொரு வரி சேரட்டும்: மீளழைப்பு நிலுவை உண்டா, இல்லையா. வாகன லீசிங்கில் பெறுமதியின் எத்தனை வீதம் கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி ஏற்கெனவே கட்டளையிடுகிறது. அந்தக் கையால் இந்த வரியையும் எழுதச் சொல்லலாம். காப்புறுதிக் கம்பனிக்கும் இதில் நேரடி நலன் உண்டு. பணம் எங்கே நின்று கேள்வி கேட்கிறதோ, அங்கே ஓப்பன் பேப்பரும் நின்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

8. எழும் மறுப்புகள்

விலை விழும் என்கிறார்கள் வியாபாரிகள். திருத்தாத காரின் விலை விழத்தான் வேண்டும். திருத்திய காரின் விலை ஏறும். திருத்தத்துக்கு விற்பவர் காசு கொடுப்பதில்லை. நிலுவையில் உள்ளதைத் திருத்தி விற்பது அவருக்கே இலாபம்.

பாகம் கிடைக்காது என்பது உண்மையான சிரமம். நாம் இறக்கிய கார் அல்லவே என்று முகவர் தயங்கும் இடமும் உண்டு. அரசு பேச வேண்டிய இடம் அதுதான். நியூசிலாந்தில் செய்ததுபோல், இலங்கையில் தம் பெயர் தாங்கிய வாகனம் எந்த வழியால் வந்திருந்தாலும் பொறுப்பேற்கும்படி உற்பத்தியாளரைக் கேட்க வேண்டும். தனி ஆள் கேட்டால் மறுக்கலாம். ஒரு நாடு கேட்டால் மறுப்பது கடினம். பாகம் வரும் வரை பக்கத்து இருக்கையில் ஆள் ஏற்றாமல் ஓட்டுவது போன்ற இடைக்கால வழிகளை முகவரிடம் கேட்டுச் செய்யலாம். பஞ்சிகாவத்தையில் பழைய காற்றுப்பை வாங்கிப் பூட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். உடைத்த காரிலிருந்து கழற்றிய அந்தப் பை எந்த வருடத்தது, எந்தக் குப்பி என்று விற்பவருக்கே தெரியாது. காற்றுப்பை இருந்த இடத்தை மூடி, விளக்கு எரியாதபடி மின்தடை ஒன்றைப் பூட்டிக் கொடுக்கும் வேலையும் எங்காவது நடந்தால் அதை வேலை என்று சொல்லாதீர்கள்.

எங்கள் ஊரில் ஓடுவது பெரும்பாலும் த்ரீவீலும் மோட்டார் சைக்கிளும்தானே, காருக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவற்றுக்கும் இந்த ஒழுங்கு வேண்டும். ஆனால் ஒரு வேனில் பன்னிரண்டு பிள்ளைகள் போகிறார்கள். முதலில் அங்கிருந்து தொடங்குவோம் என்று அவருக்குச் சொன்னேன்.

9. தில்லையடியில் செய்யக்கூடியது

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் வாகனம் வாங்கி விற்கும் தரகர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். விற்பனைப் பேச்சு முடிந்து முற்பணம் கொடுக்கும் முன், சேசி இலக்கத்தைத் தேடி எடுத்த பக்கத்தை அச்சிட்டு இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குள் ஓர் இணக்கம் வந்தால் அதுவே பெரிய தொடக்கம். பள்ளிக்கூட வேன்களுக்கு அதிபர்கள் அந்தத் தாளைக் கேட்கலாம். உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தத் தேடலை ஒப்படைக்கலாம். அவர்கள் நம்மைவிட வேகமாகச் செய்வார்கள்.

வாசலில் இரண்டு தம்பிமார் ஒரு கொப்பியோடு இருக்கிறார்கள். வீட்டுக்குப் போகுமுன் உங்கள் வாகனத்தின் மாதிரி, உற்பத்தி ஆண்டு, சேசி இலக்கம் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள். பதிவுச் சான்றிதழ் கையில் இல்லாதவர்கள் பொனட்டைத் திறந்து பின்சுவரில் பதித்திருக்கும் இலக்கத்தைப் படம் எடுத்து வாருங்கள். 2000க்கும் 2014க்கும் இடைப்பட்ட எக்சியோ, விட்ஸ், 121 கொரொல்லா, ஹொண்டா ஃபிட், சிவிக் வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள். நிலுவை இருப்பதாகத் தெரிந்த வாகனங்களின் பட்டியலை அந்தந்த முகவருக்கு ஊரின் பெயரால் ஒரே கடிதமாக அனுப்புவோம். பிரதியை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் வைப்போம். வாகனத்தை விற்கப் பேசி வைத்திருப்பவர் யாராவது இருந்தால், பதில் வரும் வரை முற்பணம் வாங்காதீர்கள்.